ரேடியேட்டர் ஹோஸை ஒரு சொட்டும் கசியாமல் மாட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரேடியேட்டர் ஹோஸ் கசிந்தால் நம் ஊரில் வழக்கமாக நடப்பது இதுதான். முதலில் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை இன்னும் இரண்டு சுற்று முறுக்குவார்கள். நிற்காவிட்டால் புது ஹோஸ் வாங்கி மாட்டுவார்கள். அதுவும் ஒரு மாதத்தில் கசிந்தால், மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டதாக உதிரிபாகக் கடைக்காரருக்கு வசவு விழும். பல நேரங்களில் தவறு கடைக்காரர் மீதும் இல்லை, ஹோஸ் மீதும் இல்லை. ரேடியேட்டரிலும் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) மூடியிலும் வாட்டர் பம்பிலும் துருத்திக்கொண்டிருக்கும் குழாய்க் கழுத்து இருக்கிறதே, ஹோஸ் ஏறி உட்காரும் இடம், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கசிவு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. ஹோஸ் மாற்றும் வேலையில் பாதிக்கு மேற்பட்ட நேரம் அந்தக் கழுத்தைச் சரிசெய்வதில் போக வேண்டும். கிளாம்பை முறுக்குவது கடைசி ஐந்து நிமிட வேலை.

வடசென்னை வண்டிகளுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரம் நிற்கும் கார்களில் உப்புக் காற்று தொடாத உலோகம் கிடையாது. தண்ணீரும் அப்படியே. மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை அளவுமீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்தது ஊரறிந்த கதை. கடற்கரையை ஒட்டிய பல தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. 'கொஞ்சம் குறைந்திருக்கிறது' என்று அதைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றினால், அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். போதாக்குறைக்குப் போக்குவரத்து வேறு. மணலிச் சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும் காருக்கு முன்னாலிருந்து காற்றே வராது. எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் பம்பும் மெதுவாகவே சுழலும். ரேடியேட்டர் விசிறியை மட்டும் நம்பி நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் ஹோஸ்கள் உச்சச் சூட்டில் இருக்கும்.

எந்த ஹோஸுக்கு என்ன வேலை

சாதாரண சின்னக் காரில் பெரிய ஹோஸ்கள் இரண்டு. எஞ்சினிலிருந்து சூடான கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குக் கொண்டு வருவது மேல் ஹோஸ். ஆறிய கூலன்ட்டை ரேடியேட்டர் அடியிலிருந்து பம்புப் பக்கம் எடுத்துச் செல்வது கீழ் ஹோஸ். கீழ் ஹோஸைப் பம்ப் உறிஞ்சுவதால், அது சப்பிப்போகாமல் இருக்கச் சில வண்டிகளில் உள்ளே கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். பழைய ஹோஸில் சுருள் இருந்தால் புதியதிலும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இவை தவிர, விரல் கனத்தில் இரண்டு ஹீட்டர் ஹோஸ்கள் எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். சென்னையில் ஹீட்டர் போடுகிறவர் யார்? குமிழ் ஆண்டுக்கணக்கில் நீலப் பக்கமே நிற்கும். ஆனால் பல கார்களில் குமிழ் மாற்றுவது காற்று போகும் வழியைத்தான். அந்த ஹோஸ்களில் சூடான கூலன்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். மேல், கீழ் இரண்டையும் புதிதாக மாட்டிவிட்டு இவற்றை மறந்த வண்டி, அடுத்த கத்திரி வெயிலில் தகட்டுச் சுவர்ப் பக்கம் ஆவி விடும். எஞ்சினோடு ஒட்டி ஒளிந்திருக்கும் குட்டையான பைபாஸ் ஹோஸுக்கும் இதே கதிதான். மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது நல்லது. இரண்டாம் முறை கூலன்ட் வடிக்கும் செலவு அதில் மிச்சம்.

அழுத்தத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பது பார் கணக்கில் அழுத்தம். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அந்த அழுத்தத்தில் 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ஆகவே சின்னக் கசிவு என்றால் கூலன்ட் குறைவது மட்டும் நட்டமல்ல. அழுத்தம் நிற்காது, கொதிநிலை இறங்கிவிடும்.

மாற்ற வேண்டுமா என்று பார்ப்பது

முதலில், காருக்கு அடியில் தேங்கிய நீரெல்லாம் கூலன்ட் அல்ல. சென்னைப் புழுக்கத்தில் ஏ.சி. வடிக்கும் தண்ணீரே ஒரு குவளை இருக்கும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஏ.சி. தண்ணீர் நிறமில்லாமல் வெறும் தண்ணீராக இருக்கும். கூலன்ட் வழவழக்கும், நிறமிருக்கும், இனித்த வாடை வரும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும் காலை நேரத்தில் ஹோஸை அழுத்திப் பாருங்கள். நடுப்பகுதியை மட்டும் அழுத்திவிட்டு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கிளாம்புக்கு இரண்டு அங்குலத்துக்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து அழுத்துங்கள். அங்கே நடுவைவிட மெத்தென்று இருந்தால், வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே நீளவாக்கில் கீறல் விட்டிருக்கிறது என்று பொருள். உலோகக் கழுத்தும் கூலன்ட்டும் ரப்பரும் சேரும் இடத்தில் நடக்கும் மின்வேதி அரிப்பு அது. எப்போதும் உட்புறத்தில், முனைக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். அழுத்தினால் மொறுமொறுவென்று சத்தம் வருவது சூட்டில் ரப்பர் கெட்டியாகிவிட்டதன் அறிகுறி. ஊதிப் பிசுபிசுத்திருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது.

எண்ணெய் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் முதலில் எஞ்சின் மேல்மூடிக் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு இன்னொரு விடையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து சுற்றுவட்டாரத் தெருக்களுக்குள்ளும் வந்தது. அந்த வெள்ளத்தில் நின்ற கார் என்றால் கீழ் ஹோஸைத் தனியாக ஒரு முறை தடவிப் பாருங்கள். கார் ஹோஸ் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற ரப்பர் வகை. சூடு, கூலன்ட், வெயில் எல்லாவற்றையும் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய் மட்டும் அதற்கு ஆகாது.

கிடங்குகளுக்கும் மண்டிகளுக்கும் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் பெருச்சாளிப் பற்குறியையும் தேட வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் நான்கைந்து ஆண்டு ஆகிவிட்ட ஹோஸ் மாற்றத் தகுந்ததே.

வாங்கும்போது

ஹோஸ் உங்கள் வண்டி மாடலுக்கென்றே வார்த்த வளைவோடு இருக்க வேண்டும். நேர்க்குழாயை வாங்கி வளைத்து மாட்டினால் வளைவில் மடிந்து ஓட்டம் தடைப்படும். பழைய ஹோஸைக் கையில் எடுத்துச் சென்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உள்விட்டம் கழுத்தின் வெளிவிட்டத்துக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை குறைவாகவோ இருக்கலாம். ஒருபோதும் பெரிதாக இருக்கக் கூடாது. கிளாம்ப் இறுக்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்று பெரிய ஹோஸ் தரும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். பெரிய ஹோஸை இறுக்கினால் ரப்பர் எங்காவது ஒரு மடிப்பாகத்தான் கூடும். அந்த மடிப்பின் வழியாகத்தான் கூலன்ட் வெளியே வரும். புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் என்ன வேண்டுமானாலும் வாங்குங்கள், பழைய ஹோஸ் மட்டும் வேண்டாம். அது எத்தனை கோடையைக் கண்டது என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது.

நீலத்திலும் சிவப்பிலும் மின்னும் சிலிகான் ஹோஸைப் பார்த்து இளைஞர்கள் மயங்குகிறார்கள். சூட்டைத் தாங்குவதில் அது கெட்டி என்பது உண்மை. ஆனால் நீராவி அதன் சுவர் வழியே மெல்ல வெளியேறும். துளையிட்ட பட்டைக் கிளாம்ப் அதை வெட்டிவிடும், உட்பட்டை வைத்த கிளாம்ப் தனியாக வேண்டும். அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் போகிற காருக்கு இது வீண் செலவு என்பது என் எண்ணம். நல்ல கருப்பு ரப்பர் போதும். ரப்பர் திருவொற்றியூருக்குப் புதிதும் அல்ல, எம்.ஆர்.எஃப். 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியது இங்கேதான்.

கிளாம்ப் இரண்டு வகை. குறடால் அழுத்தி விரிக்கும் ஸ்பிரிங் கிளாம்ப் ஒன்று, திருகாணி வைத்த பட்டைக் கிளாம்ப் இன்னொன்று. ஸ்பிரிங் கிளாம்ப் சூட்டில் ஹோஸ் விரியும்போது தானும் விரியும், ஆறும்போது தானும் சுருங்கும். திருகு கிளாம்ப் முறுக்கிய இடத்திலேயே நிற்கும். தொழிற்சாலையில் ஸ்பிரிங் கிளாம்ப் போட்டு வந்த வண்டியில் அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் திருகு கிளாம்ப் போடுவதைப் பலர் மேம்பாடு என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துரு இல்லாமல், விறைப்பு குறையாமல் இருந்தால் பழையதையே போடுங்கள்; சந்தேகமிருந்தால் அதே அளவில் புதிய ஸ்பிரிங் கிளாம்ப் வாங்குங்கள்.

திருகு கிளாம்ப்தான் வேண்டும் என்றால் அதன் உலோகத்தைக் கேட்டு வாங்குங்கள். பட்டையில் W என்ற ரோமன் எழுத்தோடு ஓர் எண் பொறித்திருப்பார்கள். 1 என்றால் முழுவதும் துத்தநாகம் பூசிய இரும்பு. 2 என்றால் பட்டை ஸ்டெயின்லெஸ், திருகாணி மட்டும் பூச்சு இரும்பு. 4 என்றால் எல்லாமே 304 ஸ்டெயின்லெஸ். 5 என்றால் கடல் உப்பைத் தாங்கும் 316. கடலோரத்தில் ஏமாற்றுவது இரண்டாம் வகைதான்: பட்டை பளபளவென்று இருக்கும், திருகாணி துருப்பிடித்து அசையாது. நான்காம் வகை நமக்குப் போதும். பாரிமுனையில் லிங்கிச் செட்டி தெரு ஹார்டுவேர்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

கூலன்ட் உங்கள் வண்டிப் புத்தகம் சொல்லும் வகையாக இருக்கட்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதிக் கலவைகள் வருகின்றன. தண்ணீர் கலக்காமலே ஊற்றும் தயார்க் கலவை வாங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. செறிவுக் கூலன்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கலந்துகொள்ளுங்கள். மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், ஏ.சி.யில் பிடித்த தண்ணீர் எதுவும் வேண்டாம். 'சென்னையில் பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறைவதைத் தடுப்பது நமக்குத் தேவையில்லை. கொதிநிலையை உயர்த்துவதும் அரிப்பைத் தடுப்பதும் தேவை.

கழற்றுவது

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. மேல் ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். பேட்டரியின் எதிர்மின் கம்பியைக் கழற்றிவிடுங்கள். சில கார்களில் எஞ்சின் நின்றிருந்தாலும் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும், விரல் போய்விடும்.

மூடியைத் திறந்து, ரேடியேட்டர் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, அகலமான தட்டில் கூலன்ட்டைப் பிடியுங்கள். அந்தத் திருகு பல வண்டிகளில் பிளாஸ்டிக். அழுத்தம் கொடுத்தால் கையோடு வந்துவிடும். பிடித்த கூலன்ட்டை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். தெரு நாயும் பூனையும் அந்த இனிப்புக்கு வாய் வைத்தால் பிழைக்காது. மழைநீர் வடிகாலில் ஊற்றினால் நேரே பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும். மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பணிமனை கூலன்ட்டையும் வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டு ஒப்படையுங்கள்.

ஹோஸ் எந்தத் திசையில் திரும்பியிருந்தது, கிளாம்பின் காது எந்தப் பக்கம் இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கிளாம்பைத் தளர்த்தி நடுப்பக்கம் நகர்த்துங்கள். ஸ்பிரிங் கிளாம்ப் வழுக்கினால் குண்டு போல் தெறிக்கும், கண்ணாடி அணியுங்கள்.

ஒட்டிக்கொண்ட ஹோஸை நெம்பாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். திருப்புளியைக் கழுத்துக்கும் ஹோஸுக்கும் நடுவில் செருகி நெம்பினால் அலுமினியத்தில் நீளக் கோடு விழும். ரேடியேட்டரின் நைலான் தொட்டியாக இருந்தால் கழுத்தே உடையும். எப்படியும் தூக்கி எறியப் போகிற ஹோஸ்தான். கத்தியால் நீளவாக்கில், ரப்பரின் முக்கால் ஆழம் மட்டும் கீறி, மிச்சத்தை விரலால் பிரித்து உரியுங்கள். கத்தி முனை கழுத்தைத் தொடக் கூடாது.

கழுத்து

இங்கே அவசரப்படாதீர்கள். தண்டையார்பேட்டைப் பணிமனை ஒன்றில் வாடகைக் கார் ஒன்று நின்றது. புது ஹோஸ், புதுக் கிளாம்ப், ஆனாலும் காலையில் கசிவு. "அண்ணா, இன்னும் ஒரு சுற்று முறுக்கட்டுமா?" என்று கேட்டான் உதவிக்கு இருந்த பையன். "முறுக்கியது போதும் தம்பி, கழற்று" என்றார் பெரியவர். தெர்மோஸ்டாட் மூடியின் கழுத்தைப் பனியன் வேஸ்டால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேராக அடித்த வெளிச்சத்தில் தெரியாதவை எல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நின்றன. விளிம்பை ஒட்டிச் சுண்ணாம்பு போல் வெள்ளைப் பொருக்கு. அதன் நடுவே பழைய ஹோஸின் ரப்பர்த் தோல் கருப்பாக ஒட்டியிருந்தது. கழுத்தின் அடிப்பக்கத்தில், கண்ணுக்கு மறைவாக, எப்போதோ யாரோ திருப்புளியால் நெம்பிய கோடு ஒன்று உள்ளிருந்து வெளிவிளிம்பு வரை நீண்டிருந்தது. அந்தக் கோட்டின் முடிவில்தான் கூலன்ட் காய்ந்த பச்சைக் கறை. எத்தனை கிளாம்ப் போட்டாலும் அந்தக் கோட்டை அடைக்க முடியாது.

உங்கள் வண்டியிலும் அப்படியே செய்யுங்கள். துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் சுற்றிலும் பார்த்து, கண் எட்டாத அடிப்பக்கத்தில் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் மாட்டும் இடமெல்லாம் கூலன்ட் போகும் வழி.

முதலில் கழுத்தின் வாயில் ஒரு துணி உருண்டையைத் திணியுங்கள். தூள் உள்ளே போகக் கூடாது. எடுக்க மறக்காமலிருக்க அதன் வாலை வெளியே தொங்க விடுங்கள். ரப்பர்த் தோலைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். வெள்ளைப் பொருக்கைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேயுங்கள். பிளாஸ்டிக் கழுத்துக்கு இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் பொருக்கு போகவில்லை என்றால் 320 அல்லது 400 எண் உப்புத்தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, கழுத்தைச் சுற்றிப் போட்டு, இரு முனையையும் பிடித்து மாறி மாறி இழுங்கள். தேய்ப்பது எப்போதும் கழுத்தைச் சுற்றி, குறுக்குவாக்கில்தான். சுற்றி விழுந்த கீறல் வட்டமாக ஓடித் தனக்குள்ளேயே முடியும். நீளவாக்கில் விழுந்தது உள்ளேயிருந்து வெளியே வழி திறக்கும். இரும்புக் கம்பித் தூரிகையை அலுமினியத்தில் வைக்காதீர்கள். கோடு போடுவதோடு இரும்புத் துகளையும் பதித்துவிடும்.

வார்ப்பு அலுமினியக் கழுத்தில் நீளவாக்கில் மெல்லிய தழும்பு போன்ற மேடு ஒன்று எதிரெதிராக இரண்டு பக்கமும் ஓடும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம் அது. துருத்திக்கொண்டிருந்தால் அதையும் உப்புத்தாளால் சமப்படுத்துங்கள்.

அரிப்புக் குழி ஆழமாகி, தேய்த்தும் நகம் மாட்டினால் அந்த மூடியையே மாற்றிவிடுங்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் தெர்மோஸ்டாட் மூடி கட்டுப்படியாகிற உதிரிபாகம்தான். அலுமினியத் தூள் கலந்த எபாக்ஸி பூசி, ஒரு முழு நாள் காயவிட்டு, தேய்த்துச் சமப்படுத்தி ஓட்டுகிறவர்களும் உண்டு. அது தற்காலிகம். டெஃப்ளான் டேப், நூல், சிலிகான் கேஸ்கெட் பேஸ்ட் ஆகியவற்றைக் கழுத்தில் சுற்றுவதும் பூசுவதும் வேண்டவே வேண்டாம். பேஸ்ட் ஈரமாக இருக்கும்போது ஹோஸ் வழுக்கும், பிதுங்கிய துணுக்கு ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும், அடுத்த முறை கழற்றுகிறவரின் உயிரையும் எடுக்கும்.

கடைசியாக ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, துணி உருண்டையை வெளியே எடுங்கள்.

மாட்டுவது

புது ஹோஸின் உள்ளே மாவு போன்ற தூள் இருக்கும், கழுவிவிடுங்கள். கிளாம்ப் இரண்டையும் முழுக்கத் தளர்த்தி ஹோஸில் முன்பே கோத்துவிடுங்கள். ஹோஸ் முரண்டு பிடித்தால் முனையைச் சுடுநீரில் ஒரு நிமிடம் முக்குங்கள். நம் ஊரில் அதைவிட எளிது, மொட்டை மாடி வெயிலில் கால் மணி நேரம் போட்டு வைப்பது.

வழுக்கலுக்குக் கழுத்தில் நாலு சொட்டுக் கூலன்ட் தடவினால் போதும். கிரீஸ், எஞ்சின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. கிரீஸ் தடவினால் ஹோஸ் சுலபமாக ஏறும் என்பது மெய்தான். அதே சுலபத்தில் அழுத்தம் ஏறும்போது கழன்றும் வரும், ரப்பரும் ஊதும்.

கை எட்டாத முனையை முதலில் மாட்டுங்கள். இடமும் வலமும் மெல்லத் திருகிக்கொண்டே, கழுத்தின் அடியிலுள்ள தடுப்பு மேடு வரை தள்ளுங்கள். பல ஹோஸ்களில் வெள்ளை அல்லது மஞ்சள் கோடு இருக்கும்; கழுத்திலுள்ள குறிக்கு நேராக அது நிற்க வேண்டும். குறி இல்லாவிட்டால் நீங்கள் எடுத்த படமே வழிகாட்டி. இரு முனையும் ஏறிய பிறகு கையை எடுத்துப் பாருங்கள். ஹோஸ் தன் இயல்பான வளைவில் சும்மா கிடக்க வேண்டும். முறுக்கிக்கொண்டிருந்தால் அந்த முறுக்கு நாளெல்லாம் கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பெல்ட், புல்லி, விசிறி, சைலன்சர் குழாய் எதையும் உரசக் கூடாது. எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் தளர்ந்த வண்டியில் ஒவ்வொரு பள்ளத்திலும் எஞ்சின் ஆடி ஹோஸை இழுக்கும். லாரிகள் குழி பறித்த சாலையில் தினமும் போகிறவர்கள் மவுண்ட்டையும் இப்போதே பார்த்துவிடலாம்.

புதிய கார்கள் சிலவற்றில் கிளாம்பே கிடையாது. கம்பிக் கொக்கியும் உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் வைத்த இணைப்பு இருக்கும். புது ஓ-ரிங் போட்டு, 'கிளிக்' சத்தம் கேட்கும் வரை தள்ளி, இழுத்துப் பார்த்தால் முடிந்தது.

கிளாம்பை எங்கே வைப்பது, எவ்வளவு முறுக்குவது

கழுத்தின் முனைக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு வரம்பு எழும்பியிருக்கும். கிளாம்ப் அந்த வரம்பைத் தாண்டி, உட்பக்கம் உட்கார வேண்டும். வரம்பின் மீதே வைத்தால் ஓரத்தில்தான் பிடிக்கும். அதற்கு முன்னால், வெறும் ரப்பர் மீது வைத்தால் எதையும் பிடிக்காது. ஹோஸின் விளிம்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். பட்டை சாயாமல் நேராக நிற்க வேண்டும். திருகாணித் தலை உங்கள் ஸ்பேனருக்கு எட்டும் பக்கமும், வால் நுனி விசிறிக்கும் வேறு ஹோஸுக்கும் எட்டாத பக்கமும் இருக்கட்டும்.

முறுக்கத் திருப்புளி வேண்டாம். அது வழுக்கி ரேடியேட்டரைக் குத்தும். தலைக்கு ஏற்ற 7 அல்லது 8 மில்லிமீட்டர் நட் டிரைவரை விரல்களால் பிடித்து முறுக்குங்கள். அரை அங்குலப் பட்டைக்கு 3 முதல் 4 நியூட்டன் மீட்டர் போதும். முறுக்குமானி இல்லாதவர்கள் ரப்பரைப் பார்த்து முடிவுசெய்யலாம்: பட்டையின் மேற்பரப்பும் ஹோஸின் மேற்பரப்பும் சமமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பட்டையின் துளைகள் வழியே ரப்பர் பிதுங்கினால் அளவு தாண்டிவிட்டது. அந்த இடத்தில் ஹோஸ் வெட்டுப்படத் தொடங்கிவிட்டது.

நிரப்பிக் காற்றை எடுப்பது

வடிகால் திருகை மூடிவிட்டு, பேட்டரியை இணைத்து, கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் காற்று சிக்கும். காற்று வெளியேற்றும் திருகு உங்கள் எஞ்சினில் இருந்தால் அதைத் திறந்து, குமிழி நின்று கூலன்ட் வரும்வரை விடுங்கள். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் பிசைந்து கொடுத்தால் சிக்கிய காற்று குமிழியாக வரும். மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள்.

ஹீட்டர்க் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுதும் திருப்பி எஞ்சினை ஓட விடுங்கள். வேர்த்தாலும் பரவாயில்லை. ரேடியேட்டரிலேயே மூடி உள்ள வண்டி என்றால் மூடியைத் திறந்து வைத்துப் பார்க்கலாம். அழுத்தம் தாங்கும் பக்கத் தொட்டி உள்ள வண்டியில் புத்தகம் சொல்வதைக் கேளுங்கள். தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை வெதுவெதுப்பாக இருந்த மேல் ஹோஸ் சட்டென்று சூடாவதைக் கையால் உணரலாம். விசிறி ஓடி நின்று, மறுபடி ஓடி நிற்கட்டும். அணைத்து, முழுக்க ஆறிய பிறகு மட்டம் பார்த்து நிரப்புங்கள்.

கசிகிறதா என்று உறுதிசெய்வது

அழுத்தம் சோதிக்கும் கைப்பம்ப் உள்ள பணிமனை பக்கத்தில் இருந்தால் அதுதான் முதல்தரம். மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை ஏற்றி, அதற்கு மேல் ஒரு புள்ளியும் ஏற்றாமல், கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கருவி இல்லாவிட்டால் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடர் தூவுங்கள். மாதவரம் வரை போய்த் திரும்பி, வண்டியை இரவு முழுதும் ஆறவிட்டு, காலையில் பாருங்கள். ஈரம் பட்ட இடத்தில் பவுடரில் கோடு விழுந்திருக்கும். காலையில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு: திருகு கிளாம்ப் போட்ட ஹோஸ் சூட்டில் அடைத்துக்கொண்டு, ஆறிச் சுருங்கும்போதுதான் சொட்டும்.

ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் படிந்து கொடுக்கும். ஆகவே திருகு கிளாம்பை இரண்டொரு நாள் ஓட்டிய பிறகு, குளிர்ந்த நிலையில், ஒரே ஒரு முறை அதே அளவுக்கு இறுக்குங்கள். வாரம் ஒரு முறை இறுக்கிக்கொண்டே போவது ஹோஸை வெட்டும் வேலை.

ஹோஸ்கள் எல்லாம் உலர்ந்திருந்தும் கூலன்ட் குறைந்தால் தேடலை மேலிருந்து கீழாக நடத்துங்கள். வாட்டர் பம்பின் அடித்துளையிலிருந்து சொட்டுவது கீழ் ஹோஸில் வழிந்து, பழி ஹோஸ் மீது விழும். முன் இருக்கைக் கால்விரிப்பு ஈரமாகி இனித்த வாடை வந்தால் ஹீட்டர். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட். அது வேறு செலவு.

வழியில் வெடித்துவிட்டால்

எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஆவி கிளம்பினால், ஏ.சி.யை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். பானெட்டை உடனே தூக்க வேண்டாம். மூடியைத் தொட வேண்டாம். கொதிக்கும் எஞ்சின் மீது பக்கெட் தண்ணீரைக் கொட்டுவது சிலிண்டர் ஹெட்டை விரிசல் விட வைக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆறட்டும்.

கிழிசல் முனைக்குப் பக்கத்தில் இருந்து, ஹோஸில் நீளம் இருந்தால், கிழிந்த அங்குலத்தை வெட்டிவிட்டு மீதியை மறுபடி ஏற்றிக் கிளாம்ப் போடலாம். ஊருக்குள் வர இதுவே நம்பகமான வழி. நடுவில் கிழிந்திருந்தால், துடைத்துக் காயவைத்து, தன்னோடு தானே ஒட்டும் சிலிகான் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். சைக்கிள் டியூப் கிழித்துச் சுற்றுவதும் சில கிலோமீட்டர் தாங்கும். ரேடியேட்டர் மூடி இரண்டு படியாகத் திறக்கும் வகை என்றால் முதல் படியில் தளர்த்தி வையுங்கள். அழுத்தம் ஏறாது, கட்டு பிய்யாது. ஆனால் கொதிநிலையும் இறங்கிவிடும். எனவே சூட்டு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாக, பக்கத்திலுள்ள பணிமனை வரை மட்டும் ஓட்டுங்கள். இந்த நிலையில் கிடைத்த குடிநீர் பாட்டிலை ஊற்றுவதில் தவறில்லை. மறுநாளே அந்தத் தண்ணீரை முழுக்க வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் ஒரு முறை அலசி, புது ஹோஸோடு கூலன்ட் நிரப்பிவிடுங்கள்.